சத்தம் ஓடுது, படம் நிக்குது... வீட்டு கம்ப்யூட்டரில் ஹெச்.டி வீடியோ திக்குவது ஏன்?

அரியலூரில் அக்கா வீடு. மாமா வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். சொந்த மகள் கல்யாணத்துக்கே அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாலி கட்டுவதை வீடியோ காலில்தான் பார்த்தார். அதுவும் பாதியிலேயே கட்! ஆறு மாசம் கழித்து ஊருக்கு வந்தவர், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "கல்யாண கேசட்டைப் போடுங்க."

கேசட் எல்லாம் இப்போ ஏது? ஸ்டூடியோவில் கொடுத்த பென் டிரைவைச் சொருகினோம். கெட்டிமேளம் கணீரென்று கேட்குது. படமோ, தாலியோடு மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்க, அப்படியே உறைந்துவிட்டது. கடையில் கேட்டால், "மெஷின் பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மாமாவும் பர்ஸை எடுத்துவிட்டார். பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்த நான், "ஒரே ஒரு நாள் பொறுங்க மாமா" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இதே கதையா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

சிக்கல் எங்கே? மூன்று அடையாளங்கள்

யூடியூப் பார்க்கும்போது படமும் சத்தமும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றினால், பெரும்பாலும் நெட்தான் காரணம். சத்தம் ஓடி, படம் மட்டும் திக்கினால், கம்ப்யூட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். சத்தம் மட்டும் கேட்டு, திரை கறுப்பாகவே இருந்தால், அந்த வீடியோவின் 'கோடெக்' உங்கள் பிளேயருக்குத் தெரியவில்லை.

படம் ஏன் திக்குது?

ஃபுல் ஹெச்.டி என்பது 1920×1080. அதாவது ஒரு ஃபிரேமில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே என்றால் அதைப்போல நான்கு மடங்கு, சுமார் 83 லட்சம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓட வேண்டும். இதை அப்படியே சேமித்தால் எந்த டிஸ்க்கும் தாங்காது. அதனால் சுருக்கி வைக்கிறார்கள். அந்தச் சுருக்கும் முறைக்குப் பெயர்தான் கோடெக்.

2003-ல் வந்த ஹெச்.264 முறையைப் பழைய கம்ப்யூட்டர்களும் சுலபமாகப் பிரித்துவிடும். 2013-ல் வந்த ஹெச்.265 இன்னும் இறுக்கமாகச் சுருக்கும். ஃபைல் சின்னதாகும், ஆனால் பிரிக்கும் வேலை அதிகம். இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிற சிப் என்றால் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். இன்டெல்லில் 6-ம் தலைமுறையிலிருந்துதான் ஹெச்.265-க்கு அந்த வசதி முறையாக வந்தது. அக்கா வீட்டில் இருப்பதோ 4-ம் தலைமுறை. ஸ்டூடியோ கொடுத்ததோ 4கே, ஹெச்.265. மாட்டு வண்டியில் லாரி லோடு ஏற்றிய கதைதான்!

வரிசையாகச் செய்யுங்க

1. டிஸ்க்கில் காப்பி செய்யுங்க. மலிவான பென் டிரைவ்கள் மெதுவாகப் படிக்கும். ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி ஓட்டிப் பாருங்க. சில வீடுகளில் பிரச்னை இத்தோடு முடிந்துவிடும்.

2. தூசியைத் தட்டுங்க. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ஊர் அரியலூர். ஜன்னலோரம் இருக்கும் சி.பி.யூ-வுக்குள் தூசி சும்மா விடுமா? காற்றாடி அடைபட்டால் சிப் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்க. லேப்டாப் என்றால், மெத்தையில் வைக்காதீங்க. 'பேட்டரி சேவர்' ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்க.

3. வி.எல்.சி பிளேயர் போடுங்க. இலவசம்தான். அநேகமாக எல்லா கோடெக்கும் அதற்குத் தெரியும் என்பதால் கறுப்புத் திரைக்கும் இதுவே மருந்து. டூல்ஸ், பிரிஃபரன்ஸஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று போய், 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்க. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' ஆன் செய்யுங்க. கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்ய மறக்காதீங்க.

4. நெட் என்றால்... யூடியூபில் 1080பி ஓட சுமார் 5 எம்.பி.பி.எஸ், 4கே ஓட சுமார் 20 எம்.பி.பி.எஸ் வேகம் சீராகக் கிடைக்க வேண்டும். வை-ஃபை ரெண்டு சுவர் தாண்டி வருகிறது என்றால் லேன் வயர் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, உங்கள் மானிட்டரே 1366×768 என்றால் 4கே வைத்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. 720பி-க்கு இறக்குங்க, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

5. கடைசி ஆயுதம்: மாற்றிவிடுங்க. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்க. ஹெச்.264 ஃபைலாக மாறிவிடும். ஓட்டும்போது நொடிக்கு 25 ஃபிரேம் என்ற கெடு இருக்கிறது. மாற்றும்போது அந்தக் கெடு இல்லை. பழைய மெஷினும் தன் வேகத்தில் நிதானமாக முடித்துவிடும். ஒரிஜினலை மட்டும் அழிச்சிடாதீங்க. நாளைக்கு நல்ல டி.வி வாங்கினால் உதவும்.

கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் பேசும்போதே, "4கே ஒண்ணு, 1080பி ஹெச்.264 ஒண்ணு, ரெண்டு காப்பி வேணும்" என்று கேட்டு வாங்கிக்கோங்க. இத்தனை பாடும் வராது.

அக்கா வீட்டில் முதல் மூன்றையும் செய்தும் திக்கல் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. ராத்திரி ஹேண்ட்பிரேக்கை ஓடவிட்டுத் தூங்கினோம். காலையில் காபியோடு எல்லாரும் உட்கார்ந்தோம். கெட்டிமேளம் கேட்டது. இந்த முறை கை நிற்கவில்லை, மூன்று முடிச்சும் விழுந்தது. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, இன்னொரு தடவை பின்னாடி இழுத்துப் போடு."