கம்போடு வந்த நோய், கம்போடு வந்த மருந்து

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் காரக்கோணம் பக்கத்தில் மரச்சீனி நட யாரும் விதை தேடுவதில்லை. கிழங்கு பறித்த மூட்டின் கம்பை நிழலில் சாத்தி வைத்து, மழை பார்த்துச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டி மண்ணில் குத்தினால் போதும். மிஞ்சிய கம்பு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து எல்லை தாண்டி விளவங்கோட்டுக்கும் போகும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மரச்சீனிக் கம்புக்கு அந்தக் கோடு தெரியாது.

கம்பில் முளைப்பது தாய்ச்செடியின் நகல்தான். தாயின் ருசியும் விளைச்சலும் அப்படியே வரும். தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் வரும். மரச்சீனியின் கதை முழுவதும் இந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

சேலத்தில் மரவள்ளி, இங்கே மரச்சீனி எனப்படும் இது தென் அமெரிக்கப் பயிர். அமேசான் காட்டின் தென்மேற்கு ஓரத்தில் வாழும் காட்டு இனத்திலிருந்து அது பிறந்ததை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்த அதைத் திருவிதாங்கூரில் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் வயிற்றைக் காத்ததும் இந்தக் கிழங்குதான்.

இதன் பெரிய எதிரி தேமல் நோய். இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றும், இலை சுருங்கிக் கோணும், கிழங்கு சிறுக்கும். இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் பதிவு, மாநிலங்கள் பிரிந்த அதே 1956-ஐச் சேர்ந்தது. காரணம் வைரஸ். வெள்ளை ஈ அதைச் செடிக்குச் செடி கடத்தும். தொலைதூரத்துக்குக் கடத்துவது கம்பு வாங்கும் மனிதன். தென்னிந்தியாவில் இரண்டு வைரஸ்கள் இந்நோயைத் தருகின்றன. ஒன்றின் பெயரில் இந்தியா இருக்கிறது, மற்றதன் பெயரில் இலங்கை. இலங்கைப் பெயர் கொண்ட வைரஸ் 2015-இல் கம்போடியாவில் தென்பட்டது. சில ஆண்டுகளுக்குள் வியட்நாமையும் தாய்லாந்தையும் எட்டிவிட்டது.

நோய் நாடு தாண்டும்போது ஆராய்ச்சி மட்டும் ஒரே நாட்டுக்குள் நின்றால் என்ன பயன்? மரச்சீனியின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்ட விதமே இதற்குப் பதில். 18 ஜோடி குரோமோசோம்களில் பரந்து கிடக்கும் அந்த டிஎன்ஏ எழுத்துகளின் முதல் வரைவு 2012-இல் கட்டுரையாக வெளியானது. படிக்கப்பட்ட செடி கொலம்பியாவில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் மையத்தில் வளர்க்கப்பட்டது. படித்த ஆய்வுக்கூடங்கள் அமெரிக்காவில் இருந்தன. முடிவுகள் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டன.

2016-இல் மரச்சீனியும் அதன் காட்டு உறவுகளுமாக 58 வகைகளின் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். ரப்பரும் மரச்சீனியும் ஒரே குடும்பம் என்பது தாவரவியல் பாடம். இரண்டின் பொதுவான மூதாதையில், தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டிப்பானதை இந்த ஆய்வு எழுத்தெழுத்தாகக் காட்டியது. அதைவிட முக்கியமான செய்தி வேறு. இன்று ஆப்பிரிக்காவில் பயிராகும் பல மரச்சீனி வகைகளுக்குள் சியாரா ரப்பர் என்ற காட்டு உறவின் துண்டுகள் ஒளிந்திருந்தன. 1930-களில் இன்றைய தான்சானியாவின் அமானி நிலையத்தில், தேமல் நோயைத் தாங்கும் செடிக்காக அந்தக் காட்டு மரத்தோடு மரச்சீனியைக் கலந்தார்கள். அந்தக் கலப்பின் தடம் எண்பது ஆண்டு கழித்தும் தொகுதியில் அழியாமல் இருந்தது.

2022-இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாட்டு வகைகள் சில, தேமலுக்கு அசையாமல் நிற்பவை. ஏன் என்பதை ஸ்விட்சர்லாந்தின் சூரிச், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரங்களின் ஆய்வகங்களும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். வைரஸுக்குத் தன்னைத் தானே நகல் எடுக்கும் கருவி கிடையாது. செடியின் கருவியைக் கடன் வாங்கியே பெருகும். டிஎன்ஏவை நகல் எடுக்கும் அந்தப் புரதத்தில் நேர்ந்த ஒரு சிறு மாற்றமே எதிர்ப்பின் காரணம். நகல் வழியே வாழும் பயிரில், நகல் எடுக்கும் கருவியே நோயையும் தடுக்கிறது!

இதில் நமக்கு என்ன பங்கு? திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்குகிறது மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாட்டுக்காக அது வெளியிட்ட 'ஸ்ரீ பத்மநாபா', தேமலைத் தாங்கும் வகை. பெயர் திருவனந்தபுரத்துடையது, செடி வந்ததோ நைஜீரியாவின் இபாடானில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்திலிருந்து. அமேசானில் பிறந்த பயிருக்கு ஆப்பிரிக்கா வழியாக மருந்து வந்தது.

இப்படிக் கைமாறுவதற்கு ஓர் ஒப்பந்தமும் உண்டு. 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை, 64 பயிர்களைப் பொதுச் சொத்துப் போலப் பகிர வழி செய்கிறது. பட்டியலில் மரச்சீனி இருக்கிறது; அதன் காட்டு உறவுகள் இல்லை. அமானியில் கைகொடுத்தது காட்டு உறவுதான் என்பதைத் தொகுதி படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் அவற்றைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்துவது சரியல்ல.

ஆய்வகத்தின் பகிர்வும் வேலி ஓரப் பகிர்வும் ஒரே காரியம்தான்: கம்பு கொடுப்பது. கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பார்த்துக் கொடுத்தால் போதும். அடுத்த முறை யாராவது கம்பு கேட்டால், கிழங்கு பறிப்பதற்கு முன்பே தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். இலையில் மஞ்சள் திட்டு இல்லாத மூட்டில் அடையாளம் கட்டி வையுங்கள். அந்தக் கம்பை மட்டும் கொடுங்கள்.