கடல் கடந்த கல்வியும் கரிசல் மண்ணின் பொருளியலும்

'ரிஹ்லா' என்னும் அரபுச் சொல் பயணத்தைக் குறிப்பது. அறிவு தேடிச் செல்லும் பயணம் என்பதே அறிஞர் மரபில் அதன் சிறந்த பொருளாக நிலைபெற்றது. 14ஆம் நூற்றாண்டில், மதுரை சுல்தான்களின் காலத்தில், இந்நகருக்கு வந்து தாம் கண்டவற்றைக் கூறிச் சென்ற இப்னு பதூதாவின் பயண நூலும் அப்பெயராலேயே வழங்குகிறது.

இன்று வெளிநாட்டுக் கல்வி என்றவுடன் நம் இல்லங்களில் எழும் பேச்சு வேறு. எந்த நாடு, எவ்வளவு கட்டணம், எத்தனை ஆண்டில் கடன் அடையும் என்று கணக்கிடுகிறோம். நிலத்தையும் நகையையும் ஈடு வைக்கிறோம். எந்த வினாவுக்கு விடை தேடிப் பிள்ளை புறப்படுகிறான் என்று கேட்பவர் சிலரே. பொருளியல் பயில்வோரைப் பொறுத்தவரை இக்கேள்வியைத் தவிர்க்கவே இயலாது. இயற்பியலுக்கான ஆய்வுக்கூடத்தை எந்நாட்டிலும் அமைக்கலாம். பொருளியலின் ஆய்வுக்கூடமோ மக்கள் உழைத்து வாழும் ஊர். மதுரையைச் சூழ்ந்த சமவெளியோடு தொடர்புடைய இரு வரலாறுகள் இதனைத் தெளிவாக்கும்.

வந்தவர்

ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இங்கிலாந்தின் பாடநூல்களை ஒப்புவிக்கும் கல்வியில் அவருக்கு நிறைவில்லை. நிலம், பயிர், கூலி, கடன், உணவு, வீடு ஆகியவை பற்றிய வினாக்களை வகுத்து, மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன.

அவ்வூர்களுள் ஒன்று வடமலைபுரம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று சிவகாசியை அடுத்து விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுத் திரும்பிய பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணனுடன் இணைந்து வெளியிட்ட மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்றனர். 1916இல் முதன்முதலில் ஆராயப்பட்ட இருவேல்பட்டின் மாற்றங்களை, பிரித்தானிய அறிஞர் ஜான் ஹாரிஸ் தமிழ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதி 2010இல் வெளியிட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரே ஊரின் நிலவுடைமையும் கூலியும் மாறிவந்த விதத்தைக் காட்டும் சான்றுகள் உலகில் அரியன. அயல்நாட்டுப் பேராசிரியர் வினாத்தாளைத் தந்தார். மொழியும் ஊராரின் நம்பிக்கையும் நம் மாணவர்வழிக் கிட்டின. இவ்விரண்டும் சேர்ந்ததாலேயே அந்த ஆய்வு நிலைத்தது.

சென்றவர்

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். 1927இல் அமெரிக்கா சென்று சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும், பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றி அங்கே அவர் ஆற்றிய உரை நாளிதழில் வெளியாயிற்று. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே பொது நிதியின் நோக்கில் ஆராயுமாறு தூண்டினார். ஆங்கிலேய ஆட்சியின் வரியும் செலவும் மக்களை எவ்வாறு வறியவராக்கின என்பதைக் குமரப்பா கண்டறிந்தது நியூயார்க்கின் நூலகத்தில்தான்.

1929இல் தாயகம் திரும்பிய அவருடைய ஆய்வைக் காந்தியடிகள் 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். குஜராத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களை ஆராயும் பணியையும் ஒப்படைத்தார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களுடன் அவர் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார். இறுதிக் காலத்தில் அவர் தங்கிய இடம் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமம். கொலம்பியாவில் கற்ற பொருளியலும் கரிசல் காட்டு உழவரின் வாழ்வும் அவரிடம் ஒன்று கலந்தன. 1960 ஜனவரி 30இல் அவர் மறைந்தார்.

இன்றைய மதுரை

வெளிநாட்டு மாணவர் மதுரைக்குப் புதியவரல்லர். அமெரிக்கன் கல்லூரிக்கு ஓபர்லின் ஷான்ஸி அமைப்பு இளம் பட்டதாரிகளை அனுப்பிவந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் தங்கித் தமிழ் கற்றுக் கள ஆய்வு செய்தனர். மொழியையும் சமயத்தையும் கலையையும் நாடி வந்தவர்கள் பலர். 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்திலோ (இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) நகரின் கல்லூரிகளிலோ இயங்கும் பொருளியல் துறைகள் இத்தகைய விருந்தினருக்கு எதைத் தர இயலும்?

தருவதற்கு நிறையவே உண்டு. 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் முறையை 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பாடமாக்கியது. புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி காலையில் ஒரு விலைக்கும் மாலையில் வேறொரு விலைக்கும் போகிறது. அழுகும் பொருளின் சந்தையை விளக்க மாட்டுத்தாவணிப் பூச்சந்தையினும் சிறந்த வகுப்பறை ஏது? பெரியாறு, வைகைப் பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள பூசல் பொதுவளப் பங்கீட்டின் பழைய சிக்கல். வளைகுடாவிலிருந்து நம் ஊர்களுக்கு வரும் பணம் வீடாகிறதா, கல்வியாகிறதா, தொழிலாகிறதா என்பதும் ஆராயத்தக்கதே.

இவற்றை ஆராய வரும் அயல்நாட்டு மாணவருக்கு நம் மாணவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் அளிப்பது முறையன்று. இருவரும் சேர்ந்து வினாக்களை வகுக்க வேண்டும். கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெற வேண்டும். முடிவுகளைத் தமிழில் எழுதி ஊராரிடம் ஒப்படைக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் 25 விழுக்காடு வரை வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வழிவகுத்தது. எண்ணிக்கையைப் பெருக்கும் முன் இந்நெறிகளை வகுத்துக்கொள்வது துறைகளின் கடமை.

வெளியே செல்லும் நம் பிள்ளைகளுக்கு நிலைமை எளிதன்று. சிறுபான்மை மாணவரின் கல்விக் கடன் வட்டியை ஏற்ற ஒன்றிய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. கடனின் சுமை முழுவதும் குடும்பத்தின் தோளில் இறங்கியுள்ள இக்காலத்தில், புறப்படும் முன்னரே தன் ஊரின் சந்தையையோ கண்மாயையோ கூலிக் கணக்கையோ ஒரு முறையேனும் ஆராய்ந்து பார்த்த மாணவர், அயல்நாட்டு வகுப்பறையில் தமக்கு வேண்டிய கருவி எது என்பதை அறிந்திருப்பார். இளநிலைப் பட்டப்படிப்பிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் அப்பயிற்சியை அளிக்க நம் கல்லூரிகள் முன்வர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.