மிஸ் பூவும் மெதுவான மோடமும்

1999 நவம்பரில் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு பூ.காம் என்ற இணையக் கடை திறந்தது. விற்றது விளையாட்டு உடைகள், காலணிகள். நிறுவனர்களில் எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டனும் காய்சா லியாண்டரும் ஸ்வீடனில் ஏற்கெனவே இணையப் புத்தகக் கடை நடத்தியவர்கள். அதனால் பணம் போட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆறரை மாதத்தில் கடை மூடப்பட்டது. அதற்குள் கரைந்தது சுமார் 13.5 கோடி டாலர்.

திட்டம் என்னவோ அமர்க்களம்தான். சட்டையைத் திருப்பிப் பார்க்கலாம், பெரிதாக்கலாம், பொம்மைக்கு மாட்டி அழகு பார்க்கலாம். மிஸ் பூ என்ற கார்ட்டூன் பெண் கூடவே வந்து யோசனை சொல்வாள். அதுவும் ஒரே நேரத்தில் 18 நாடுகளில்!

ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பியில் ஓடும் மோடம். அதன் உச்ச வேகமே நொடிக்கு 56 கிலோபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, நொடிக்கு 7 கிலோபைட். 350 கிலோபைட் எடையுள்ள பக்கம் திறக்க 50 நொடி. ஐரோப்பாவில் பல ஊர்களில் அந்தக் காத்திருப்புக்கும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். மேக் கணினிக்காரர்களாலோ தொடக்கத்தில் கடைக்குள் நுழையவே முடியவில்லை.

பக்கம் திறக்க ஏன் இவ்வளவு நேரம்? முகவரியைத் தட்டியதும் பிரவுசர் அதற்குரிய சர்வரைத் தேடிப் பிடித்து, முதலில் பக்கத்தின் எழுத்து வடிவத்தை வாங்குகிறது. அதில் குறித்திருக்கும் படங்கள், நிரல்கள் ஒவ்வொன்றையும் பிறகு தனித்தனியே கேட்டு வாங்குகிறது. அலங்காரம் கூடக் கூட இந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடும்.

1995 ஜூலையில் திறந்த அமேசானின் பக்கங்களில் அன்று இருந்தது பெரும்பாலும் எழுத்துதான். பார்க்க அழகில்லை, ஆனால் புத்தகத்தைத் தேடலாம், ஆர்டர் கொடுக்கலாம். கடைக்கு வந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

இன்று நல்ல வடிவமைப்பாளர் வண்ணத்தைத் தொடுமுன் வாடிக்கையாளரைப் பற்றிக் கேட்பார்: வருபவர் யார், எதற்காக வருகிறார், கையில் என்ன போன்? பிறகு வெறும் கட்டங்களால் ஒரு வரைபடம் போடுவார்; தொழிலில் அதற்கு வயர்ஃப்ரேம் என்று பெயர். விலை எங்கே, வாங்கும் பொத்தான் எங்கே என்ற சண்டையெல்லாம் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட்டால் செலவு மிச்சம். படங்களைச் சுருக்குவதும், திரையில் தெரியும்போது மட்டும் அவற்றை இறக்குவதும் அடுத்த வேலை. 2018 முதல் மொபைலில் பக்கம் திறக்கும் வேகத்தையும் கூகுள் தன் தேடல் வரிசையில் கணக்கில் எடுக்கிறது.

குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. அலுவலக வைஃபையில் பார்த்துப் பூரித்த முதலாளிக்கு அதே தளத்தை அந்த வேகத்தில் திறந்து காட்டினால், முகப்பில் ஓடும் வீடியோவை எடுத்துவிடலாம் என்று அவரே சொல்லக்கூடும்.