நல்ல சேவலை விற்றுவிட்டு நாட்டுக்கோழியைத் தேடலாமா? - சிறுவிடையைக் காப்பாற்ற நாலு வீடு சேர்ந்தால் போதும்!

ஆடி பிறந்துவிட்டால் திருவண்ணாமலை வட்டாரத்தில் சேவலுக்கு மவுசு கூடிவிடும். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வீடு, குலதெய்வத்துக்குப் படையல் போடும் வீடு, நேர்த்திக்கடன் பாக்கி வைத்திருக்கும் வீடு... எல்லோருக்கும் வேண்டியது நல்ல நாட்டுச் சேவல்தான். கொண்டை சிவந்து, நெஞ்சை நிமிர்த்தி, மற்ற சேவல்களை விரட்டிக்கொண்டு திரியும் அந்த ஒன்றுதான் முதலில் கூடைக்குள் போகும். நல்ல விலையும் கிடைக்கும்.

விலை போகாத சோனிச் சேவல் வீட்டிலேயே தங்கிவிடும். அடுத்த சுற்றில் பொரியும் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் அப்பா.

நாட்டுக்கோழி குறைந்துவருகிறது என்றதும் நோயையும் பிராய்லரையும் காரணம் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால், சத்தமில்லாமல் நடக்கும் மூன்றாவது காரணம் கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. எந்தச் சேவலை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று வீட்டில் எடுக்கும் முடிவுதான் அது. அந்த முடிவைக் கொஞ்சம் மாற்றினால், பல தலைமுறையாக வந்த ஓர் இனத்தை வீட்டிலேயே காப்பாற்ற முடியும். ஆனால் ஒரு வீடு மட்டும் போதாது.

'நாட்டுக்கோழி' என்பது ஒரே கோழி அல்ல!

சந்தையில் 'நாட்டுக்கோழி' என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே இனம் அல்ல. தமிழகத்தில் வீட்டுக் கோழிகளைச் சிறுவிடை, பெருவிடை என்று பிரித்துச் சொல்வார்கள். பெருவிடை என்பது உயரமும் எடையும் கொண்ட அசில் வகை. சண்டைச் சேவல் என்று பெயரெடுத்தது இதுதான். காகம், கீரி, வல்லூறு, மயில் என நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதும் இந்தச் சேவல்களுக்குத்தான். கழுத்தில் முடியே இல்லாத கழுத்தறுப்பான், தலையில் இறகுக் கொத்து வைத்த கொண்டைக்கோழி போன்றவையும் ஊர்ப்பக்கம் உண்டு.

வீட்டுக்கு ஏற்றது சிறுவிடை. பெட்டை 1 கிலோவிலிருந்து 1.5 கிலோ வரைதான் வரும். குறிப்பிட்ட நிறம் என்று கிடையாது. தானாக மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பருந்தின் நிழல் பட்டாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் மரக்கிளைக்கே பறந்துவிடும்.

இவற்றோடு கிரிராஜா, வனராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட கோழிகளும் கொல்லைப்புறங்களுக்கு வந்துவிட்டன. அதிக முட்டைக்காகவும் கறிக்காகவும் ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கியவை அவை. தனியாக வளர்த்தால் நல்ல வருமானம் தருபவைதான். ஆனால் சிறுவிடையோடு ஒரே கொல்லையில் மேயவிட்டால் சில தலைமுறைகளில் எது எதுவென்றே தெரியாமல் போய்விடும்.

நடுகல் கண்ட சேவல்

இந்த மண்ணில் சேவலுக்கு இருந்த மரியாதையைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில், அரசலாபுரம் என்ற ஊரில் சேவல் உருவம் செதுக்கிய நடுகல் கிடைத்திருக்கிறது. சுமார் 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போரில் இறந்த வீரனுக்குக் கல் நடுவதுபோல, முகையூர் மேற்சேரியைச் சேர்ந்த ஒரு கோழிக்கு நட்ட கல் அது. எந்த ஊர், எந்தச் சேரிக் கோழி என்பது வரை கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சேவல்களை வளர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

முருகனின் கொடியிலும் சேவல்தான். திருவண்ணாமலையோடு பிரிக்க முடியாதவரான அருணகிரிநாதரின் பெயரால் வழங்கும் நூல்களில், 'சேவல் விருத்தம்' என்றே ஒன்று உண்டு.

பிராய்லருக்குள் அசில் ரத்தம்

இன்னொரு செய்தி பலரை ஆச்சர்யப்படுத்தும். பிராய்லர் கோழியின் பரம்பரையிலும் நம் நாட்டு அசில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போன அசில் சேவல்களை வைத்து, கார்ன்வால் பகுதியில் ஓர் இனத்தை உருவாக்கினார்கள். 'இந்தியன் கேம்' என்று பெயர் பெற்ற அதுதான் பிறகு கார்னிஷ் ஆனது. அகன்ற நெஞ்சுக்கறிதான் அதன் சிறப்பு. அமெரிக்காவில் 1948-ல் 'நாளைய கோழி' என்ற பெயரில் தேசியப் போட்டி நடந்தது. அதில் வென்றதும் கார்னிஷ் கலப்புக் கோழிதான். இன்றைய பிராய்லர் தொழில் வளர்ந்தது அந்த வழியில்தான்.

இன்று பிராய்லர் சுமார் 40 நாளில் 2 கிலோ எடையைத் தாண்டிவிடுகிறது. சிறுவிடை ஒரு கிலோவைத் தொடவே 5, 6 மாதம் ஆகும். உள்ளூர் இனம் ஒன்றில் என்ன குணம் ஒளிந்திருக்கிறது என்பது, யாரோ ஒருவர் அதைப் பொறுக்கி எடுத்து வளர்க்கும்வரை தெரிவதில்லை. இனமே அழிந்துவிட்டால் பொறுக்கி எடுக்க எதுவும் இருக்காது.

அடை உட்காரும் குணம் போனால்?

சிறுவிடையின் பெரிய சொத்து, அது தானே அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்து வளர்ப்பதுதான். ஒரு சுற்றில் 12 முட்டை வரை இடும். பிறகு முட்டையை நிறுத்திவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு வரும். இரண்டு, மூன்று மாதம் குஞ்சுகளோடு திரிந்துவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். ஆண்டுக்கு மூன்று, நான்கு சுற்று என்றால் 40 முட்டைக்கு மேல் கிடைக்கும். பண்ணை முட்டைக்கோழி ஆண்டுக்கு 300-ஐத் தாண்டும். ஆனால் அதற்கு அடை உட்காரத் தெரியாது. அடை உட்காரும் நாட்களில் முட்டை நின்றுவிடும் என்பதால், அந்தக் குணமே இல்லாமல் போகும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து உருவாக்கிய கோழி அது.

இதே விஷயம் வீட்டிலும் நடக்கலாம். அவசரத்துக்கு எல்லா முட்டைகளையும் இன்குபேட்டரில் வைத்துவிட்டால், அடை உட்காராத பெட்டைகளுக்குத்தான் அதிக முட்டை, அதிக குஞ்சு. சில தலைமுறை போனால் கொல்லையில் அடைக்கோழியே இருக்காது. கரன்ட்டும் கருவியும் இல்லாமல் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் கோழி என்ற பெருமையும் அதோடு போய்விடும். இன்குபேட்டர் வைத்திருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது நல்ல அடைக்கோழியின் முட்டைகளை அதன் அடியிலேயே வைத்து, அந்தக் குஞ்சுகளை இனத்துக்கென்று நிறுத்துவது நல்லது.

கண்ணைத் திறக்கும் கணக்கு

'என்னிடம் 20 பெட்டை இருக்கிறது, இனம் எப்படி அழியும்?' என்று கேட்கலாம். மரபியலில் இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் அந்தக் கூட்டத்தின் உண்மையான மரபு பலம்.

ஒரு சேவல், 5 பெட்டை என்றால் விடை 3.3. சரி, பெட்டையை 20 ஆக்கினால்? 3.8 தான்! எத்தனை பெட்டை சேர்த்தாலும் சேவல் ஒன்றாக இருக்கும்வரை அது 4-ஐ எட்டவே எட்டாது. காரணம் எளிது. எல்லாக் குஞ்சுக்கும் அப்பா ஒன்று. அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கைதான் இணை சேரும். அதற்கடுத்த தலைமுறைகளில் கூமுட்டை அதிகமாகும், குஞ்சு சோர்ந்து பிறக்கும், சின்ன நோய்க்கே சுருண்டு விழும். 'கோழிக்குக் கண்ணு பட்டிருச்சு' என்று சொல்லும் பல வீடுகளில் உண்மையான காரணம் இந்த ரத்த உறவாக இருக்கலாம்.

அதே 20 பெட்டைக்கு 4 சேவல் இருந்தால் விடை 13.3. ஆனால் ஒரே வீட்டில் நான்கு சேவல் வைத்தால் நாள் முழுக்கச் சண்டைதான். தீவனச் செலவும் கூடும். இங்கேதான் அக்கம்பக்கம் தேவைப்படுகிறது.

சேவல் நகரட்டும், பெட்டை தங்கட்டும்!

நகரை ஒட்டிய புறநகர்த் தெருக்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் கொல்லைப்புறம் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படி நான்கு வீடுகள் சேர்ந்தால் போதும். வீட்டுக்கு 5 பெட்டை, ஒரு சேவல். தொடக்கத்தில் நான்கு சேவல்களையும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வாங்க வேண்டும்.

பெட்டைக் குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே வளரும். சேவல் குஞ்சுகளில் சிறந்தது மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகும். முதல் வீட்டுச் சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு, அது நான்காம் வீட்டுக்கு, நான்காம் வீட்டுச் சேவல் முதல் வீட்டுக்கு. ஆண்டுக்கு ஒரு முறை, எப்போதும் ஒரே திசையில். இப்படிச் செய்தால் நெருங்கிய ரத்த உறவு சேர்வது தலைமுறைகள் கணக்கில் தள்ளிப்போகும். கோழி இனங்களைப் பாதுகாப்பவர்கள் உலகின் பல இடங்களில் பின்பற்றும் சுழற்சி முறைதான் இது.

அடையாளத்துக்கு வீட்டுக்கு ஒரு நிறத்தில் காலில் பிளாஸ்டிக் வளையம் போடலாம். எந்தச் சேவல், எந்த வீடு, எப்போது பொரித்தது என்று கைப்பேசியில் படத்தோடு குறித்துவைத்தால் போதும்.

ஒரே வாரத்தில் காலியாகும் கூண்டு

வீட்டுக் கோழிகளுக்கு எமன் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, சில நாளில் கூண்டே காலியாகிவிடும். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பூசிதான் ஒரே வழி.

குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காவது வாரத்தில் மீண்டும் லசோட்டா, 8 வாரம் முடிந்ததும் ஆர்2பி ஊசி என்பது வழக்கமான அட்டவணை. சிக்கல் என்னவென்றால், மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிகளுக்கான அளவில்தான் வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க யாருக்கும் மனம் வராது. நாலு வீடு ஒரே வாரத்தில் அடை வைத்தால், ஒரே நாளில் எல்லாக் குஞ்சுகளுக்கும் போட்டுவிடலாம்.

கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கொல்லைப்புறக் கோழிகளுக்காகத் தீவனம்போல் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருவண்ணாமலையிலேயே இருப்பது கூடுதல் வசதி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலும் விசாரிக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு...

* முட்டையை எடுத்த தேதியைப் பென்சிலால் குறியுங்கள். 7 நாளுக்கு மேல் பழையதை அடைக்கு வைக்க வேண்டாம். சிறுவிடைக்கு 10 முதல் 12 முட்டை போதும்.

* 7-ம் நாள் இரவில், இருட்டில் கைப்பேசி டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரிந்தால் கரு இருக்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

* குஞ்சுகளுக்குப் புரதம் தர, பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் வைத்து நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் இருக்கும்.

* இரவுக் கூண்டில் ஒரு கோழிக்கு 1 முதல் 1.5 சதுர அடி இடம் வேண்டும். கீரி, பூனை நுழையாதபடி இடுக்கு அடைக்க வேண்டும்.

* புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியாக வைத்துக் கவனித்த பிறகே கூட்டத்தில் விடுங்கள்.

* நான்கு மாதம் ஆனதும் சேவல் குஞ்சுகளை வரிசையாகப் பாருங்கள். சுறுசுறுப்பு, நேரான கால், நல்ல அடைக்கோழிக்குப் பிறந்தது... இந்த மூன்றும் உள்ள ஒன்றுக்கு வளையம் மாட்டிவிடுங்கள்.

ஆடியில் சேவல் கேட்டு ஆள் வரும்போது மற்றவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். வளையம் போட்ட அந்த ஒன்றை மட்டும், எவ்வளவு விலை சொன்னாலும், பக்கத்து வீட்டுக்கு என்று எடுத்து வையுங்கள்.