இதயம் தாங்கும் மயக்கம்

2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே என்ற இதய மருத்துவர், நெஞ்சைத் திறக்காமலே ஒரு நோயாளிக்குப் பெருந்தமனி வால்வைப் பொருத்தினார். உலகில் அதுவே முதல்முறை. நோயாளிக்கு முழு மயக்கம்கூடத் தரவில்லை. தொடையிடுக்கில் மரத்துப்போகச் செய்யும் ஊசி, லேசான தூக்க மருந்து, அவ்வளவுதான்.

காயம் சிறிது என்பதால் மயக்கம் கொடுப்பதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. வால்வு சுருங்கியவரின் இடக்கீழறை, ஆண்டுக்கணக்கில் திணறித் திணறி ரத்தத்தைத் தள்ளியதில் தடித்துப் போயிருக்கும். அந்தத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் வேளையில்தான் கிடைக்கிறது. அதைச் செலுத்துவது பெருந்தமனியின் அழுத்தம். மயக்க ஊசியால் அழுத்தம் சரிந்தால் தசைக்கு ரத்தம் குறையும், தசை சோரும், அழுத்தம் மேலும் சரியும். சில நிமிடங்களில் இதயமே நின்றுவிடக்கூடும்.

இங்கேதான் மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்து பால்போல் இருக்கும் பிரபோஃபால், ஸ்காட்லாந்தின் கால்நடை மருத்துவர் ஜான் கிளென் உருவாக்கியது. 2018இல் அதற்காக லாஸ்கர் விருது பெற்றார். இந்த மருந்து ஒரு நிமிடத்துக்குள் உறங்கவைக்கும், விழிப்பும் தெளிவாக இருக்கும். ஆனால் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்கிவிடும். விலா எலும்புகளுக்கு நடுவே துளையிட்டுச் செய்யும் நுண்துளை இதய அறுவையில் வலது நுரையீரலைச் சுருக்கிவைப்பார்கள். காற்று போகாத நுரையீரலுக்குச் செல்லும் ரத்தத்தை உடல் தானே குறைத்துக்கொள்ளும்; பிரபோஃபால் அந்த ஏற்பாட்டைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அது பெரிய வசதி.

எட்டோமிடேட் அழுத்தத்தை அதிகம் தொடாது. பலவீனமான இதயத்துக்கு இது வரம் என்றே தோன்றும். ஆனால் ஒரே ஊசிகூட அட்ரீனல் சுரப்பியின் கார்டிசால் உற்பத்தியைப் பல மணி நேரம் முடக்குகிறது. தீவிர சிகிச்சையில் தொடர்ந்து ஏற்றியபோது மரணங்கள் கூடியதை ஸ்காட்லாந்து மருத்துவர்கள் 1983இல் எச்சரித்தார்கள். அப்படி ஏற்றுவது அதோடு கைவிடப்பட்டது.

கீட்டமைன் அழுத்தத்தை உயர்த்தும், நாடித்துடிப்பையும் சேர்த்தே உயர்த்தும். துடிப்பு விரைந்தால் இதயம் விரியும் நேரம் குறுகும். சுருங்கிய வால்வுக்கு அது ஆகாது. டெக்ஸ்மெடிடோமிடின் மூச்சை அதிகம் அடக்காமல், கூப்பிட்டால் கண் விழிக்கும் உறக்கம் தரும். ஆனால் துடிப்பை மந்தமாக்கும். 2020இல் புழக்கத்துக்கு வந்த ரெமிமசோலம், பிரபோஃபால் அளவுக்கு அழுத்தத்தை இறக்குவதில்லை. முறிமருந்து இருப்பது அதன் தனிச் சிறப்பு.

அப்படியென்றால் எது சிறந்தது? 13 நாடுகளில் 5,400 பேரிடம் நடந்த மிரியட் ஆய்வு, இதயத்துக்கு மாற்றுப் பாதை போடும் அறுவையில் வாயு மயக்கத்தையும் ஊசி மயக்கத்தையும் ஒப்பிட்டது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முறையே 2.8, 3.0 சதவீதம், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. நுண்துளை அறுவைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் மருந்தின் பெயரைவிட, அதை எவ்வளவு மெதுவாக, எந்த அளவில், அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்பதே முக்கியம் என்று நான் நம்புகிறேன்.

அந்தக் கணக்குக்கு நோயாளி தரும் தகவல் வேண்டும். நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நடக்கும்போது வந்த மயக்கம், இரவுக் குறட்டை: எதையும் அற்பமென்று விடாமல் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.