வாளி கையில், பாரம் கழுத்தில்!

“ராத்திரி வாய்வு பிடிச்சிக்கிச்சு அண்ணே, கழுத்தைத் திருப்ப முடியல!”

விடியற்காலைப் பெரட்டில் ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே, உடம்பையும் சேர்த்துத் திருப்பி நம்மைப் பார்ப்பது நம் தோட்டங்களில் புதிதல்ல. “தைலத்தைத் தேய், சரியாயிடும்” என்பார் பக்கத்தில் நிற்பவர். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கையைப் பின்னால் போட்டு முதுகின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார். தோள்பட்டை எலும்பின் உள்மூலை அது. கழுத்துக்கும் அந்த மூலைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டையும் இணைத்துக் கட்டியிருப்பது ஒரு தசை. டாக்டர்கள் அதை ‘லெவேட்டர் ஸ்கேப்புலே’ என்பார்கள். பெயரைக் கேட்டு மிரளவேண்டாம். தோள்பட்டையைத் தூக்குவது என்றுதான் அர்த்தம். நம் கழுத்தில் ஏழு எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கியின் நெட்டைக் கழுத்திலும் அதே ஏழுதான்!) அவற்றில் மேலே உள்ள நான்கின் பக்கவாட்டு முனைகளிலிருந்து நான்கு பட்டைகளாக இந்தத் தசை கிளம்புகிறது. பிறகு ஒன்றாகச் சேர்ந்து, லேசாக முறுக்கிக்கொண்டு இறங்கி, தோள்பட்டை எலும்பின் உள்மூலையில் வந்து பிடித்துக்கொள்கிறது. “யாருக்குத் தெரியும்?” என்று தோளை உயர்த்துகிறோமே, அந்த வேலையில் இதற்கும் பங்கு உண்டு.

தோள்பட்டை எலும்பு முதுகெலும்போடு நேரே பூட்டப்பட்டது அல்ல. முன்பக்கம் காறை எலும்பு ஒன்றுதான் அதற்கு எலும்புப் பிடிப்பு; மற்றபடி தசைகளில்தான் தொங்குகிறது. ஆகவே கையில் ஒரு வாளியைத் தூக்கினால், அதன் இழுப்பு தோள்பட்டைக்குப் போய், அங்கிருந்து இந்தத் தசை வழியாகக் கழுத்தெலும்புவரை ஏறுகிறது. நம் பெற்றோர் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த காலத்தில் ஒரே தோள் எப்போதும் மேலே தூக்கி நின்றது. மருந்து அடிப்பவர் முதுகில் 16 லிட்டர் தொட்டி என்றால், தண்ணீரே 16 கிலோ; தொட்டியின் எடை தனி.

செம்பனை வெட்டுபவரின் பாடு இன்னும் மோசம். உயர்ந்த மரத்தில் குலையைப் பார்க்கத் தலையை அண்ணாந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, நீளக் கம்பை நிறுத்திப் பிடிக்கிறார். கழுத்தும் தோளும் ஒன்றையொன்று நெருங்கி, இந்தத் தசை சுருங்கியபடியே வெகுநேரம் நிற்கிறது. அது களைத்த பிறகு, கீழே விழுந்த குலையைத் தூக்கவேண்டும்! வெட்டிய குலைக்குத்தானே கூலி என்று ஓய்வையும் விட்டுவிடுகிறோம். ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் தலையைத் தாழ்த்தி, தோளைத் தளரவிட்டு, நாலு மூச்சு விடுங்கள். வாளியைக் கை மாற்றுங்கள்.

பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். வலப்பக்கம் வலி என்றால், முகத்தை இடப்பக்கம் பாதியளவு திருப்பி, இடது அக்குளைப் பார்ப்பதுபோல் மெல்லக் குனியுங்கள். இருபது எண்ணும்வரை இருந்து நிமிருங்கள். மூன்று தடவை போதும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது தலையைப் பிடித்து ‘படக்’கென்று திருப்ப விடாதீர்கள். இந்தத் தசை ஒட்டியிருக்கும் அதே பக்கவாட்டு முனைகளில் ஓட்டைகள் உண்டு. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அவற்றின் வழியாகத்தான் ஏறுகிறது. முரட்டுத் திருப்பலில் அது கிழிந்து, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், வந்தபின் அரிது என்று சொல்லி என்ன பயன்?

விரல் மரத்துப்போவது, கைப்பிடி தளர்வது, நடை தள்ளாடுவது இவையெல்லாம் நரம்பு நசுங்குவதால் வரலாம். காய்ச்சல், கடும் தலைவலியோடு கழுத்து விறைத்தாலும், தோள்வலியோடு நெஞ்சு கனத்து வியர்த்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்னொன்று. குலையைத் தூக்கும்போது சுளீரென்று பிடித்தால், அன்றைக்கே தண்டலிடம் சொல்லி, கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில் நோய்க்கும் சொக்சோ இருக்கிறது. “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று ஒரு வாரம் தள்ளிவிட்டால், அந்த வலி எந்த நிரையில், எந்தக் குலையால் வந்தது என்று நிரூபிப்பது கஷ்டம்.