குடிமராமத்தும் குடிமக்கள் குரலும்

திட்டம் என்றவுடன் சென்னைக் கோட்டையும் கோப்புகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. தஞ்சை மண்ணிலோ குடிமராமத்து என்னும் பழைய வழக்கம் உண்டு. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. பாசனத்திற்கு ஜூன் 12-இல் அதனைத் திறப்பது மரபு. நீர் வருமுன் வாய்க்கால்களைத் தூர்வாரியாக வேண்டும். எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எந்தக் கரை உடையும் என்பதைப் பொறியாளரினும் கடைமடை விவசாயி நன்கறிவார்.

1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், இப்பணிக்கு வராதவர் அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது. உழைப்பைக் கேட்டது, கருத்தைக் கேட்கவில்லை! மண்வெட்டி பிடித்தவருள் பலர் நிலமற்ற பண்ணையாட்கள். நீர்ப்பங்கீட்டில் அவர்கள் சொல் ஏறவில்லை என்பதே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

பாசன அமைப்புகளை விவசாயிகளே மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-இல் வந்தது. 2017-இல் குடிமராமத்து மீண்டும் உயிர்பெற்றது. செலவில் பத்திலொரு பங்கை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயினும் இச்சங்கங்களில் இடம்பெற்றோர் பெரும்பாலும் நிலமுடையோரே. நிலமற்றோர்க்குரிய மன்றம் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். பதினெட்டு வயது நிறைந்து பெயரைப் பதிவு செய்துகொண்ட மாணவரும் அங்கே எழுந்து, “எங்கள் தெரு வாய்க்காலை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்கலாம்.